நாளில் வாங்கி நிமிடத்தில் விற்றவர்கள்: இந்தியாவில் தனிநிலைப் படத் தயாரிப்பாளரின் விலை உருவான வரலாறு

புதுதில்லியிலோ மும்பையிலோ ஓர் அரசுசாரா அமைப்பு தன் பணிகளைப் பற்றிய படத்துக்காக ஃப்ரீலான்ஸ் வீடியோ தயாரிப்பாளர் ஒருவரை அழைத்துப் பேசும்போது, பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி "ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு?" என்பதே. பல்கலைக்கழகங்கள் தங்கள் அறிமுகப் படங்களுக்காகக் கேட்கும் கேள்வியும் அதுதான். முடிவுற்ற படத்தின் ஒரு நிமிடம் இங்கே விலையின் அலகு. பூவை முழத்தால் அளப்பதுபோல் படத்தை நிமிடத்தால் அளப்பது இயல்பானது என்று கேட்பவரும் நினைக்கிறார். பதில் சொல்பவரும் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொள்கிறார். ஆனால் அந்தத் தயாரிப்பாளர் தன் ஒளிப்பதிவாளருக்கும் ஒலிப்பதிவாளருக்கும் எடிட்டருக்கும் கொடுப்பது நாட்கணக்கில். கேமராவும் விளக்குகளும் நாள்வாடகைக்கே வருகின்றன. நாளில் வாங்கி நிமிடத்தில் விற்பவராக அவர் நிற்கிறார். இவ்விரு அளவுகளுக்கும் இடையிலான மாற்று விகிதத்தை எந்தச் சந்தையும் நிர்ணயிப்பதில்லை. அதன் இடர் முழுவதும் அவர் தோளில் விழுகிறது. இந்த ஏற்பாட்டின் வேர் ஃபிலிம் சுருளின் காலத்தில் இருக்கிறது.

ஒலிப்படக் காலத்தின் 35 மி.மீ. ஃபிலிம் நொடிக்கு 24 சட்டகங்கள் வீதம் ஓடியது. ஓர் அடியில் 16 சட்டகங்கள். எனவே ஒரு நிமிடம் என்பது 90 அடி. ஆயிரம் அடி கொண்ட ஒரு ரீல் ஏறத்தாழ 11 நிமிடம். காலமும் நீளமும் ஒன்றாகவே இருந்த தொழில்நுட்பம் அது. கச்சா ஃபிலிம் தொடக்க காலத்தில் இந்தியாவில் உற்பத்தியாகவில்லை. கடல் கடந்து வந்தது. படமெடுப்பவரின் செலவில் வெளிப்படையாக எண்ணத்தக்கதும், கணக்கரால் சரிபார்க்கத்தக்கதும் அந்த அடிக்கணக்கே. ஓர் எடிட்டர் எத்தனை இரவு விழித்தார் என்பதற்குச் சான்று காட்ட முடியாது. எத்தனை அடி ஃபிலிம் செலவாயிற்று என்பதற்கு ஆய்வகத்தின் ரசீது இருக்கும்.

செய்திப்பட நிறுவனங்களுக்காக ஆங்காங்கே பணிபுரிந்த தனி ஒளிப்பதிவாளர்களின் வருவாயும் இந்த அளவையே சார்ந்திருந்தது. நிறுவனம் ஏற்றுக்கொண்ட அடிகளுக்கே பணம். அந்த அடிகளைப் பெறுவதற்காக நிகழ்ந்த காத்திருப்பும் பயணமும் விலையில் சேரா. ஏ. கே. செட்டியார் 1940-இல் வெளியிட்ட காந்தி குறித்த ஆவணப்படம் இதற்கு நேர்மாறான ஒரு சான்று. பல நாடுகளில் அலைந்து அவர் திரட்டியது ஏறத்தாழ 50,000 அடி. படமாக நின்றது ஏறத்தாழ 12,000 அடி. 12,000 அடிக்கு 133 நிமிடம் என்று கணக்கிட்டுவிடலாம். ஆனால் அந்த 50,000 அடியைத் தேடிக் கண்டடைந்த ஆண்டுகளை எந்த அடிக்கணக்கிலும் எழுத முடியாது. அவர் எந்த வாடிக்கையாளருக்கும் விலை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதனாலேயே அப்படம் சாத்தியமாயிற்று எனலாம்.

இரண்டாம் உலகப்போர் இந்த அளவைச் சட்டமாக்கியது. கப்பல் போக்குவரத்து நெருக்கடியால் ஃபிலிம் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, 1942-இல் கதைப்படங்களின் நீளத்துக்கு 11,000 அடியும் முன்னோட்டங்களுக்கு 400 அடியும் உச்சவரம்பாக்கப்பட்டன. அடுத்த ஆண்டு, இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ், ஒவ்வொரு காட்சியிலும் அரசு அங்கீகரித்த படங்களை 2,000 அடி வரை திரையிடுமாறு திரையரங்குகள் கட்டாயப்படுத்தப்பட்டன. இன்ஃபர்மேஷன் ஃபிலிம்ஸ் ஆஃப் இந்தியாவும் இந்தியன் நியூஸ் பரேடும் அந்த இடத்தை நிரப்பின. 2,000 அடி என்பது சற்றேறக்குறைய 22 நிமிடம். (பிற்காலத் தொலைக்காட்சியின் அரைமணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக எஞ்சுவதும் ஏறத்தாழ இதே அளவுதான், இதைத் தற்செயல் என்று மட்டும் கொள்வதே பாதுகாப்பானது.) இப்போது நீளம் வெறும் செலவுக் கணக்காக இல்லை. ஒவ்வொரு வாரமும் நிரப்பியாக வேண்டிய ஒரு கொள்கலனாக அது மாறிவிட்டது. அரசு, நீளத்தை வாங்கும் பெருவணிகர் ஆயிற்று.

மத்திய சட்டமன்றம் மானியத்தை வெட்டியதால் அந்தப் போர்க்கால அமைப்புகள் 1946-இல் மூடப்பட்டன. எனினும், 1948-இல் நிறுவப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷன் அவற்றின் கட்டமைப்பையும், திரையரங்க உரிமத்தின் நிபந்தனையாக மறுபிறவி எடுத்த கட்டாயத் திரையிடலையும் சுவீகரித்துக்கொண்டது. திரையரங்குகள் இப்படங்களுக்கு வாடகை செலுத்தின. அது வார நிகர வசூலில் 1 சதவீதம் என்று வகுக்கப்பட்டிருந்தது. இந்த ஏற்பாட்டைத் திரையரங்க உரிமையாளர்கள் எதிர்த்த வழக்கில், 1999-இல் உச்ச நீதிமன்றம் கட்டாயத் திரையிடல் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. காலனிய அரசின் போர்க்கால அளவுகோல், குடியரசின் அரை நூற்றாண்டைக் கடந்து நின்றது.

இங்குதான் தனிநிலைத் தயாரிப்பாளர் காட்சிக்குள் வருகிறார். ஃபிலிம்ஸ் டிவிஷன் தன் படங்களில் பெரும்பங்கைத் தன் ஊழியர்களைக் கொண்டே தயாரித்தது. ஒரு பங்கை, தன் பட்டியலில் சேர்க்கப்பட்ட வெளித் தயாரிப்பாளர்களிடம் ஒப்பந்தப்புள்ளி வழியாக ஒப்படைத்தது. ஒப்பந்தப்புள்ளிக்கு ஒப்பிடத்தக்க ஓர் எண் வேண்டும். சாலை போடுவதற்கு மைல் இருப்பதுபோலப் படத்துக்கு அடி இருந்தது. இரண்டு தயாரிப்பாளர்களின் கற்பனைத்திறனை ஒரே படிவத்தின் இரு கட்டங்களில் இட்டுக் கூட்டிக் கழிக்க முடியாது. அடிவீதம் அந்தச் சங்கடத்தைத் தீர்த்துவைத்தது. குறைந்த விலைக்காரருக்கு வேலை என்னும் விதி அதனோடு இயல்பாகவே பொருந்திக்கொண்டது. இதில் யாருடைய தீய எண்ணமும் தேவைப்படவில்லை. தணிக்கை அதிகாரிக்கு விளக்கம் சொல்ல வேண்டிய ஒரு நிர்வாகம், விளக்க எளிதான அளவையைத் தேர்ந்தது.

வேறொரு விலைமுறையும் அக்காலத்தில் இருந்தது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்திலிருந்து வந்த ஜேம்ஸ் பெவரிட்ஜின் வழிகாட்டலில் 1950-களில் இயங்கிய பர்மா ஷெல் படப்பிரிவு, ஃபாலி பிலிமோரியா, பால் ஜில்ஸ், ஹரிசாதன் தாஸ்குப்தா முதலியோரைக் கொண்டு படங்களை எடுத்தது. தாஸ்குப்தா வங்காளத்துக் கிராமமொன்றைப் பற்றி 'பாஞ்ச்துபி' எடுத்ததும் இந்த ஆதரவில்தான். எண்ணெய் நிறுவனத்துக்கு வேண்டியிருந்தது நற்பெயர். அதை அடியில் அளக்கும் அவசியம் அதற்கில்லை. ஆனால் இத்தகைய புரவலர்கள் மிகச் சிலர். நாடு முழுவதும் நிலையாக வேலை தரவல்ல வாடிக்கையாளர் அரசு ஒன்றே. ஒரே பெரிய வாடிக்கையாளர் இருக்கும் சந்தையில் அவரது படிவமே அனைவரின் மொழியாகிவிடுகிறது. இந்திய ஆவணப்படத் தயாரிப்பாளர் சங்கம் 1956-இல் தோன்றியதையும் இப்பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும்.

அடிவீதத்தின் போதாமையைக் காண பிரமோத் பதியின் 'எக்ஸ்ப்ளோரர்' போதும். 1968-இல் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்குள் எடுக்கப்பட்ட அப்படம் ஏழே நிமிடம். அதாவது 630 அடி. நொடிக்கு நொடி வெட்டிச் சேர்க்கப்பட்ட படத்தொகுப்பு, இசையோடு மோதும் காட்சிகள், ஒவ்வொரு அடியிலும் அசாதாரண உழைப்பு. பதி அந்நிறுவனத்தின் ஊழியராக இருந்தார். மாதச் சம்பளம் அவரை அடிவீதத்திலிருந்து காத்தது. எஸ். என். எஸ். சாஸ்திரிக்கும் அந்தக் காப்பு இருந்தது. அந்த ஏழு நிமிடத்தை ஒரு வெளித் தயாரிப்பாளர் அடிவீதத்தில் ஏற்றிருந்தால் கடனாளியாகியிருப்பார் என்று துணிந்து சொல்லலாம். ஃபிலிம்ஸ் டிவிஷனின் துணிச்சலான சோதனைகளை அதிகாரவர்க்கத்துக்கு உள்ளே நிகழ்ந்த அதிசயமாகவே வரலாறுகள் எழுதிவருகின்றன. சம்பளப் பட்டியல் அச்சோதனைகளுக்கு அளித்த பாதுகாப்பும் அதே அளவு கவனத்துக்குரியது.

நாட்கணக்கு வேறொரு மரபிலிருந்து வந்தது. ஸ்டுடியோக்களின் மாதச் சம்பள முறை சிதைந்தபின், பம்பாயிலும் சென்னையிலும் கதைப்படத் தொழிலாளர்களின் சங்கங்கள் கால்ஷீட் வழியாகவே ஊதியம் பேசின. இத்தனை மணி நேரம் ஒரு கால்ஷீட், அதற்கு மேல் போனால் கூடுதல், பேட்டா தனி என்ற ஒழுங்கு போராடிப் பெறப்பட்டது. ஆவணப்படத் தயாரிப்பாளர் ஒளிப்பதிவாளரை அழைத்தபோது, அவர் தன் கால்ஷீட் விலையையே கொண்டுவந்தார். ஆக, குழுவினர்க்கு நாள்; வாடிக்கையாளர்க்கு அடி. தயாரிப்பாளருக்கோ கால்ஷீட் இல்லை. மிஞ்சியது எதுவோ அதுவே அவர் கூலி.

சட்டமும் அவரை இவ்விடைவெளியிலேயே நிறுத்தியது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, ஒருவரது கேட்பின்பேரில் பணம் பெற்று எடுக்கப்படும் படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். படம் எத்தனை ஆண்டு பயன்பட்டாலும், எத்தனை மொழியில் மாற்றப்பட்டாலும், எடுத்தவருக்குக் கிடைப்பது முதல்நாள் பேசிய தொகைதான். பயன்பாட்டின் அளவுக்கேற்ப விலை என்னும் எண்ணம் இங்கே வேரூன்றாமல் போனதற்கு இந்த ஒரு விதி பெரும் காரணம். எழுத்துவழி உடன்பாடு இருந்தால் மாற்றலாம் என்பது உண்மை. ஆனால் ஒப்பந்தப்புள்ளிப் படிவத்தை எழுதுபவர் வாடிக்கையாளர்.

1981-இல் சினிமாத் தொழிலாளர் சட்டம் வந்தபோது, அது கதைப்படங்களுக்கு மட்டுமே உரியதாயிற்று. கதாபாத்திரங்களைச் சுற்றிப் பின்னப்பட்ட கதை, பெரிதும் உரையாடலால் விரியும் கதையமைப்பு என்று அச்சட்டம் கதைப்படத்தை வரையறுத்தது. விளம்பரப்படத்தைப் பெயர் சொல்லியே விலக்கியது. வர்ணனையால் நகரும் ஆவணப்படமும் வரையறைக்கு வெளியே நின்றது. ஒரே ஒளிப்பதிவாளர் திங்களன்று கதைப்படத்தில் சட்டத்துக்கு உள்ளும், செவ்வாயன்று நிறுவனப் படத்தில் சட்டத்துக்கு வெளியிலும் இருந்தார்.

அடுத்த ஆண்டு புதுதில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியோடு வண்ணத் தொலைக்காட்சி வந்தது. அதைத் தொடர்ந்து வீடியோ வீடுகளுக்குள் நுழைந்தது. யூ-மேடிக்கிலும் பின்னர் பீட்டாகேமிலும் ஒரு நிமிடப் பதிவின் பொருட்செலவு ஃபிலிமோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைந்தது. நாடாவைக் கழுவ வேண்டாம், பிரதி எடுத்துப் பார்க்க வேண்டாம். அழித்து மறுபடியும் எழுதலாம். விலையின் பழைய நியாயம் அன்றே மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. தூர்தர்ஷன் 1984-இல் 'ஹம் லோக்' தொடரின் வழி விளம்பர ஆதரவுமுறையை நிலைப்படுத்தியபோது, வணிகத்தின் அலகு ஒளிபரப்பு நேரமாக இருந்தது. நொடி விளம்பரதாரருக்கு விற்கப்பட்டது. அரைமணி நேரம் தயாரிப்பாளரிடம் வாங்கப்பட்டது. ஃபிலிமின் அடி சத்தமில்லாமல் ஒளிபரப்பின் நிமிடமாக உருமாறியது. அளவின் பெயர் மாறிற்று. அளக்கும் தர்க்கம் அப்படியே நின்றது.

திருமண வீடியோவின் கதை இதற்கு வேடிக்கையான எதிரொலி. வி.எச்.எஸ். நாடாவில் மூன்று மணி நேரம் அடங்கும். குடும்பங்கள் நாடா நிரம்ப வேண்டும் என்று எதிர்பார்த்தன. பந்தியில் அமர்ந்த ஒவ்வொரு உறவினர் முகமும் பதிவாக வேண்டும். நிறுவனப் படத்தில் நிமிடம் கூடினால் செலவு கூடும் என்று வாடிக்கையாளர் அஞ்சினார். கல்யாண வீட்டில் நிமிடம் குறைந்தால் ஏமாற்றம் என்று கருதினார். இன்றோ அதே வீடுகள் மூன்று நிமிட முன்னோட்டப் படத்தைத்தான் முதலில் கேட்கின்றன. அந்த மூன்று நிமிடத்துக்குப் போகும் எடிட்டிங் உழைப்பு, பழைய மூன்று மணி நேர நாடாவுக்குப் போனதைவிட மிகுதியாக இருக்கலாம். நீளத்துக்கும் உழைப்புக்கும் நேர்விகித உறவு என்றுமே இருந்ததில்லை என்பதைக் கல்யாண வீடியோகிராபர் அளவுக்கு அறிந்தவர் எவருமில்லை. அவர் நிகழ்ச்சிவாரியாக விலை சொல்லித் தப்பித்துக்கொண்டார்.

உண்மையான முறிவு எண்முறைக் கருவிகளோடு வந்தது. 1995-இல் சோனியின் வி.எக்ஸ்-1000 கேமரா, கணினியில் நேரடியாக ஏற்றத்தக்க டி.வி. நாடாவைத் தனிமனிதரின் கைக்குக் கொண்டுவந்தது. 2008-இல் கேனன் 5டி மார்க் 2 புகைப்படக் கேமராவிலேயே உயர்தர வீடியோவைத் தந்தது. நாடாவும் போய் நினைவட்டை வந்தது. கச்சாப்பொருளின் விலை ஏறத்தாழச் சுழியமாகியதும், எடுக்கப்படும் காட்சிகளின் அளவு பெருகியது. ஃபிலிம் காலத்தில் இயக்குநர் கேமராவை ஓடவிடுமுன் யோசித்தார். இப்போது யோசனை எடிட்டிங் மேசைக்குத் தள்ளிப்போடப்பட்டது. பத்து மணி நேரக் காட்சியை ஒருமுறை பார்ப்பதற்கே பத்து மணி நேரம் வேண்டும். வாடிக்கையாளர் பேசும் நிமிடம் ஐந்திலேயே நிற்க, அந்த ஐந்துக்குப் பின்னுள்ள நாட்கள் வளர்ந்துகொண்டே போயின.

விளக்கத்துக்காக மட்டும் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து நிமிடப் படம், நிமிடத்துக்கு 10,000 ரூபாய், மொத்தம் 50,000. கேமரா வாடகை, குழு, பயணம் போக 35,000 எஞ்சுகிறது என்று கொள்வோம். ஆய்வும் எழுத்தும் 4 நாள், படப்பிடிப்பு 3 நாள், எடிட்டிங் 8 நாள். ஆக 15 நாள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,333 ரூபாய். இனி 'சின்னச் சின்னக் கரெக்‌ஷன்' மூன்று சுற்று, சுற்றுக்கு இரண்டு நாள். நாட்கள் 21 ஆகின்றன. தினக்கூலி ஏறத்தாழ 1,667 ரூபாயாக இறங்குகிறது. படம் இன்னும் அதே ஐந்து நிமிடம்தான். விலைப்புள்ளியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இயக்குநர் பேசும் முகத்தை மாற்றலாமா, இலச்சினையைச் சற்றுப் பெரிதாக்கலாமா என்று வாடிக்கையாளர் தயங்காமல் கேட்பதற்குக் காரணம் அவரது கொடுமை அன்று. அவருடைய அளவுகோலில் அந்த ஆறு நாள் தெரிவதேயில்லை.

வரிச்சட்டம் இந்தக் குழப்பத்தைக் கண்ணாடிபோல் காட்டுகிறது. 2001-இல் சேவை வரி வீடியோத் தொழிலைத் தொட்டபோது, அதை 'வீடியோ நாடாத் தயாரிப்பு' என்றே சட்டம் அழைத்தது. நாடா தன் இறுதி ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருந்த வேளையில் சேவைக்கு நாடாவின் பெயர் சூட்டப்பட்டது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலோ இரு பிரிவுகள் அருகருகே நின்றன. ஒளிபரப்புக்கான நிகழ்ச்சித் தயாரிப்பு ஒப்பந்த வேலையின் கீழ் வந்தது. தொழில்வல்லுநர் கட்டணம் வேறு பிரிவில் இருந்தது. நெடுங்காலம் நிலவிய விகிதப்படி, தனிநபர் ஒப்பந்தக்காரராகக் கொள்ளப்பட்டால் பிடித்தம் 1 சதவீதம். வல்லுநராகக் கொள்ளப்பட்டால் 10 சதவீதம். எந்தப் பிரிவில் பிடிப்பது என்பதை நடைமுறையில் வாடிக்கையாளரின் கணக்குப்பிரிவு தீர்மானித்தது. புகைப்படத் துறையில் இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. படமெடுத்துப் பிரதி தருவது திறனுக்கான ஒப்பந்தமே, பொருள் விற்பனையன்று என்று 1977-இல் சொல்லப்பட்டது. 1982-இன் 46-ஆம் அரசமைப்புத் திருத்தத்துக்குப் பின்னும் நீண்ட தடுமாற்றம் நிலவியது. 2015-இல் புரோ லேப் வழக்கில், படத்தாள் போன்ற பொருட்கூறைப் பிரித்து வரி விதிக்கலாம் என்று முடிவாயிற்று. காகிதத்தைப் பிரித்துக் காணும் சட்டக்கண்ணுக்குக் கைத்திறனை அளக்கும் கோல் கிடைக்கவில்லை.

பணம் வரும் காலமும் விலையின் ஒரு பகுதிதான். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், பதிவு பெற்ற குறுந்தொழில் முனைவோருக்கு 45 நாளுக்குள் பணம் தரப்பட வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி. வீடியோ தயாரிப்பாளரும் இதற்குள் வரலாம். எனினும் அடுத்த வேலையும் அதே வாடிக்கையாளரிடமிருந்தே வரவேண்டும் என்ற நிலையில் வட்டி கேட்டுக் கடிதம் எழுதத் துணிபவர் குறைவு. ஆகையால் அவர்கள் சட்டத்தைவிட முன்பணத்தையே நம்புகிறார்கள்: தொடங்குமுன் ஒரு பங்கு, ரஃப் கட் காட்டியதும் ஒரு பங்கு, மூலக்கோப்பை ஒப்படைக்குமுன் மீதி. கோப்பைக் கையில் வைத்திருப்பதே அவர்களுடைய ஒரே பிணை.

அண்மைக் காலத்தில் விலைப்புள்ளிகளின் வடிவம் மெல்ல மாறிவருகிறது. எழுத்துப் பணிக்கு இத்தனை நாள், படப்பிடிப்புக்கு இத்தனை நாள், இரண்டு சுற்றுத் திருத்தம் விலைக்குள், மூன்றாவது சுற்று முதல் நாட்கணக்கில் தனிக்கட்டணம் என்று பிரித்தெழுதுபவர்கள் இருக்கிறார்கள். 17-ஆம் பிரிவை அறிந்தவர்கள், எடுத்த மூலக்காட்சிகளின் உரிமை யாருக்கு என்று ஒரு வரி சேர்க்கிறார்கள். 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம், 1981-இன் வரையறையை விரித்து, ஒலி-ஒளித் தொழிலாளர் என்ற வகைக்குள் விளம்பரத்தையும் எண்முறைத் தயாரிப்பையும் சேர்த்தது. அடிக்கணக்கின் தாய்வீடான ஃபிலிம்ஸ் டிவிஷன் 2022-இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது.

ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களின் நிதி இணைப்பை மட்டும் இம்மாற்றம் இன்னும் பெரிதாக எட்டவில்லை. ஆய்வு, எழுத்து, படப்பிடிப்பு, எடிட்டிங், இசை, வசனவரி, 'வாடிக்கையாளர் நிறைவடையும்வரை' திருத்தங்கள் என்று பல பக்கங்களில் பணிகளை வரிசைப்படுத்தும் ஆவணம், கடைசிப் பக்கத்தில் தொகை எழுத ஒரே ஒரு கட்டத்தைத் தருகிறது: முடிவுற்ற படத்தின் நிமிடம் ஒன்றுக்கு, வரி நீங்கலாக, எண்ணாலும் எழுத்தாலும்.